மசினகுடியில் ஒரு கோடு: சீகூர் யானை வழித்தட வழக்கும் மலைச் சுற்றுலாச் சட்டங்களும்

சீசன் தொடங்க இன்னும் சில வாரம் இருந்தபோது மசினகுடியிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். அவன் ஜீப் ஓட்டுகிறான், வீட்டில் பத்துப் பதினைந்து மாடும் உண்டு. "அண்ணா, நம்ம அரை ஏக்கரக் கேட்டு கோயமுத்தூர்லருந்து ஒருத்தர் வந்திருக்கார். காட்டேஜ் கட்டணுமாம். அது யானை வழித்தடத்துக்குள்ள வருதான்னு கேக்கறார். எனக்குச் சொல்லத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியவில்லை. ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்காக மலை, காடு, சுற்றுலா பற்றிய தீர்ப்புகளையும் அரசாணைகளையும் படித்து வருகிறேன். சொந்தக் குடும்பத்து நிலம் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டால் வாய் திறக்க முடியவில்லை. "ஒரு வாரம் பொறுடா, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். ஒரு வாரம் என்றது இரண்டு மாதமானது. அந்த இரண்டு மாதத்தில் தேடிப் படித்ததும் கேட்டதும் அலைந்ததும்தான் இந்த ஆய்வு.

கடற்கரையில் நிலம் வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி வந்தால் தேடலை எங்கே தொடங்குவது என்பதாவது தெரியும். 1981-ல் அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அலை மிக உயர்ந்து வரும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எதுவும் இல்லாமல் கடற்கரையை விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பத்து வருடம் கழித்து, 1991 பிப்ரவரி 19 அன்று, 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. உயர் அலைக் கோடு என்று ஒன்றை வரைந்து, அங்கிருந்து அளந்து, எங்கே என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாது என்று அது பிரித்தது. அதன்பின் 2011-ல் ஒரு அறிவிக்கை, 2019-ல் ஒன்று. கடைசியாக வந்தது தூரத்தைக் குறைத்தது. ஊரகக் கடற்கரையில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களில், கட்டடமே கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது. சுற்றுலாவுக்காகக் கடற்கரையிலேயே தற்காலிகக் குடில்களும் கழிவறைகளும் அமைக்கலாம் என்றும் வழி விட்டது. அந்தத் தளர்வு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அங்கே ஒரு கோடு இருக்கிறது. அதை நகர்த்தினால் நகர்த்தியது எல்லோருக்கும் தெரிகிறது, மீனவர்கள் எதிர்த்துக் கேட்க முடிகிறது. மீறிக் கட்டினால் அது எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும் விழும் என்பதை 2020 ஜனவரியில் கொச்சி மரடுவில் அடுக்குமாடிகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டபோது நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

மலைக்கு அப்படி ஒரே அறிவிக்கை கிடையாது. நீலகிரிக்கும் பழனி மலைக்கும் இருப்பவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்துக்காக வந்த துண்டுச் சட்டங்கள். 1949-ல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். 1955-ல் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். 1990-ல் ஹாக்கா என்று எல்லோரும் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம். 1993-ல் மலை நகராட்சிகளுக்கான கட்டட விதிகள். நம்மூரில் யாரைக் கேட்டாலும் "ஏழு மீட்டருக்கு மேல கட்டக்கூடாது" என்பார்களே, அந்த உயரக் கட்டுப்பாடு இவற்றின் வழியாக வந்ததுதான். கொடைக்கானலில் அனுமதித்ததைவிட அதிக மாடி கட்டிய ஓர் ஓட்டலை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தொடுத்த வழக்கு 1990-களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. காடு என்றால் என்ன என்று நாடு முழுவதற்கும் 1996 டிசம்பர் 12 அன்று விளக்கம் சொன்ன கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் கூடலூர்ப் பக்கம் ஜென்ம நிலங்களில் (பழைய ஜமீன் மாதிரிப் பரம்பரை உரிமையில் இருந்த நிலங்கள்) மரம் வெட்டியதை எதிர்த்துத் தொடங்கியதுதான். மலையைக் காக்கும் சட்டம் பெரும்பாலும் நீதிமன்றப் படிக்கட்டில்தான் பிறந்திருக்கிறது. அதனால் அது சேதம் நடந்த பிறகே வருகிறது. சீகூர் வழக்கு அதற்கு முழுமையான உதாரணம்.

இடம்

ஊட்டியிலிருந்து தலைக்குந்தா வழியாகக் கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவு. குளிரும் சோலையும் தேயிலையும் மேலேயே நின்றுவிடும். கீழே முள்காடு, புதர், வெயில். நீலகிரியின் வடக்குச் சரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்துக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் மேடை நிலம் அது. அதுதான் சீகூர் பீடபூமி. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், செம்மநத்தம், ஆனைகட்டி எல்லாம் இதில்தான். இருளர், குறும்பர் குடியிருப்புகளும் உண்டு, பிற்பாடு வந்து குடியேறியவர்களும் உண்டு. மாடு வளர்ப்பு இங்கே பாலுக்காக மட்டும் இல்லை. பட்டியில் சேரும் சாணத்தை லாரியில் ஏற்றிக் காப்பித் தோட்டங்களுக்கு விற்பது பல வீடுகளின் வரவு.

மேற்கே முதுமலை, வடக்கே பந்திப்பூர், கிழக்கே சத்தியமங்கலம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டையும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டையும் இணைக்கிற இடுப்பு மாதிரி இந்தப் பீடபூமி. ஆசிய யானைகள் மிக அதிகமாக வாழும் காட்டுத் தொகுதி இதுதான். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பாதாளமாக மாயாறு. யானைக்கூட்டம் தண்ணீருக்கும் புல்லுக்கும் பருவம் மாற மாற நடக்க இந்த நடுப்பட்டைதான் இருக்கிறது. அதில் ஒரு நிலத்தைச் சுற்றி மின்வேலி போட்டால் கூட்டம் அடுத்த நிலம் வழியாகப் போகும். அடுத்ததிலும் வேலி என்றால் ஊருக்குள் வரும்.

பழியை எல்லாம் ரிசார்ட் மேல் மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிங்காராவில் 1932-ல் தொடங்கிய பைக்காரா மின் நிலையம், மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள், கால்வாய்கள் எல்லாம் யானைக்குக் குறுக்கே கிடக்கும் அரசுக் கட்டுமானங்கள்தான். சுற்றுலா வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த நெருக்கடி தொடங்கிவிட்டது. மிச்சமிருந்த இடைவெளிகளைத்தான் காட்டேஜ்கள் நிரப்பின.

வழக்கு

காட்டேஜ்கள் வந்த விதம் இது. வீடு கட்டுவதாகச் சொல்லி அனுமதி வாங்குவார்கள். இரண்டு அறை நாலாகும், நாலு எட்டாகும். முன்னால் ஒரு பெயர்ப்பலகை, சுற்றிலும் சோலார் வேலி, இரவில் தீ மூட்டிப் பாட்டு. அறையை வாடகைக்கு விட அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று யாரும் கேட்டதில்லை. என் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு அதில் லாபமும் இருந்தது. மழை நம்பி விதைத்து யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் கொடுப்பதைவிட நிலத்தை விற்பது லாபம், அதே ரிசார்ட்டுக்கு ஜீப் ஓட்டுவது இன்னும் லாபம். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனக்குச் சரி என்று பட்டதைத்தான் செய்தது.

வேலிகளாலும் கட்டடங்களாலும் யானைகளின் பாதை அடைபடுவதைச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குகள் தொடரப்பட்டன. நிபுணர் குழு ஒன்று வந்து பார்த்தது. 2010 ஆகஸ்ட் 31 அன்று தமிழக அரசு, சீகூர் பீடபூமி யானை வழித்தடத்தை அறிவித்து அரசாணை வெளியிட்டது. மலையில் சுற்றுலாவைக் குறித்து வரையப்பட்ட உண்மையான முதல் கோடு இதுதான் என்பது என் எண்ணம். விடுதி உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 2011 ஏப்ரல் 7 அன்று உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. வழித்தடத்துக்குள் இருக்கும் ரிசார்ட் உரிமையாளர்கள் மூன்று மாதத்துக்குள் இடத்தைக் காலி செய்து ஆட்சியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

மூன்று மாதம் என்று சொன்னது ஏழு வருடத்துக்கு மேல் ஆனது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, இடைக்காலமாக நிலைமை அப்படியே நின்றது. அந்த ஏழு சீசனிலும் அறைகள் நிரம்பின.

2018 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அசைந்தது. மாவட்ட ஆட்சியரின் அறிக்கை கையில் இருந்தது. வழித்தடத்துக்குள் 39 ரிசார்ட்டுகள், அவற்றில் 27-க்கு உரிய அனுமதி இல்லை. 48 மணி நேரத்துக்குள் அந்த 27-க்கும் சீல் வைக்கச் சொன்னது. மீதி 12 பேர் ஆவணங்களைக் காட்டவேண்டும் என்றது. அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. மசினகுடிக் கடைவீதியில் ஜீப் வரிசை அப்படியே நின்றது, டீக்கடையில் பேச்சே இல்லை. வருவாய்த் துறையினர் ஒவ்வொரு கேட்டாகப் போய்ப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். இந்த வழக்கில் இடையிலேயே ஆட்சியரை மாற்றிவிடக்கூடாது என்பதில் உச்ச நீதிமன்றம் அக்கறை காட்டியதையும் இங்கே சொல்ல வேண்டும். 2021-ல் அவரை மாற்ற அரசு நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்க வேண்டியிருந்தது. ஓர் அதிகாரி ஒரே இடத்தில் போதிய காலம் இருந்தால்தான் நிலத்தின் கணக்கு அவர் கைக்குப் பிடிபடும்.

இறுதித் தீர்ப்பு 2020 அக்டோபர் 14 அன்று வந்தது. தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு 2010 அரசாணையையும் உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் உறுதி செய்தது. விடுதித் தரப்பின் முக்கியமான வாதம், நிபுணர்கள் அடையாளம் கண்ட வழித்தடத்தைவிட அரசாணை காட்டும் பரப்பு பெரிது என்பது. நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைக் கையில் எடுத்தது. சேதம் வரும் என்று துல்லியமாக நிரூபிக்கும் வரை காத்திருந்தால் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது என்பதுதான் அந்தக் கோட்பாட்டின் உள்ளர்த்தம். அதே சமயம், தன் நிலம் தவறாகச் சேர்க்கப்பட்டது என்று சொல்பவர்களின் மனுக்களை ஒவ்வொன்றாக விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

இந்த இரண்டாவது பகுதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கோடு பெரியதாக இருக்கலாம், ஆனால் அதன் மேல் நிற்கும் ஒவ்வொரு ஆளுக்கும் பேச ஓர் இடம் வேண்டும். கடற்கரை விஷயத்தில் மீனவக் குப்பங்கள் பல வருடமாகக் கேட்பதும் இதைத்தான். வரைபடத்தில் எங்கள் குப்பம் எங்கே, படகு நிறுத்தும் இடம் எங்கே, வலை காயப்போடும் மணல் எங்கே என்று கேட்கிறார்கள்.

தீர்ப்பு வந்து ஏறக்குறைய மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியருகே வந்த யானை மீது எரியும் துணியை வீசியதும், அது தலையில் தீயோடு பிளிறிக்கொண்டு இருட்டில் ஓடியதும் வீடியோவாக வந்தது. காயம் பட்டுத் திரிந்த அந்த ஆண் யானை, சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டு யானை முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தது. ஊரில் எல்லோருக்கும் பழக்கமான யானை அது. அது இறந்த அன்று தெப்பக்காட்டு வனப் பணியாளர் ஒருவர் அதன் துதிக்கையைத் தடவி அழுததையும் நாடு பார்த்தது. எனக்கு இன்னும் அந்த வீடியோவை முழுதாகப் பார்க்க மனம் வரவில்லை. அந்த விடுதி அனுமதி இல்லாமல் நடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கின் நடுவிலும் அனுமதியில்லாத அறைகள் ஓடிக்கொண்டிருந்தன என்பதை அந்த யானை செத்துத்தான் காட்ட வேண்டியிருந்தது.

கல்லட்டிக்கு மேலே

சீகூர் ஒரு மூலை. மாவட்டம் முழுவதற்கும் வந்த இரண்டு நடவடிக்கைகளை இதோடு வைத்துப் பார்த்தால்தான் சட்டம் எங்கே பிடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்பது தெரியும்.

ஒன்று, பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் எதிர்ப்பு புதிதல்ல. 2000-ம் ஆண்டையொட்டி சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோதே பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கம் தொடங்கிவிட்டது. மாநிலம் முழுவதும் 14 வகைப் பொருளுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல்தான். ஆனால் கண்ணாடி பாட்டிலுக்கு வழி கிடைக்காமல் இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் காட்டோரத்தில் குடித்துவிட்டு உடைத்துப் போடும் பாட்டில் யானையின் பாதத்தில் ஏறினால் சீழ் பிடித்து, நடக்க முடியாமல் அது பட்டினியால் சாகும். தடை உத்தரவு, அபராதம், எச்சரிக்கைப் பலகை எதுவும் பலிக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் வனவழக்கு அமர்வு சொன்னதன் பேரில் 2022 மே 15 முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது.

அது பிடித்துக்கொண்டது. குடித்தவர் கொண்டு வராவிட்டாலும் வேறொருவர் பொறுக்கிக்கொண்டு வருகிறார். பத்து ரூபாய்க்கு மதிப்பு தெரிந்தவர்கள் இந்த மலையில் நிறைய. சாலையோரம் கண்ணாடிச் சில்லு கண்ணில் படுவது கண்கூடாகக் குறைந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது. கடற்கரைகளிலும் இதே முறைதான் வேண்டும் என்று நான் சொல்வேன். மெரினாவிலோ கோவளத்திலோ வெறும் காலோடு நடக்கிற குழந்தைக்கும் காட்டு யானைக்கும் பாதம் ஒன்றுதான்.

இன்னொன்று இ-பாஸ். கோடை சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டி மலையேறுவதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி அமர்வு 2024 ஏப்ரல் கடைசியில் உத்தரவிட, மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. முதலில் பதிவு மட்டும்தான், கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. 2025 ஏப்ரல் 1 முதல் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் தேவையில்லை. வியாபாரிகள் கடையடைத்து எதிர்த்தார்கள். ஓட்டல் வைத்திருக்கும் என் நண்பர்கள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் பொய்யில்லை. வருடத்தில் அறுபது நாள் வருமானத்தை வைத்துத்தான் மீதி நாளை ஓட்டுகிறார்கள்.

நான் இ-பாஸை ஆதரிக்கிறேன். மே மாதத்தில் ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பில் நின்று மூச்சுவிட்டுப் பார்த்தவர்களுக்கு அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது எண்ணுவது வண்டியை. ஒரு காரில் இரண்டு பேர் வந்து சாயந்திரமே இறங்கிவிட்டாலும் ஒரு பாஸ்தான், ஏழு பேர் வந்து மூன்று இரவு தங்கினாலும் ஒரு பாஸ்தான். மலையைச் சோர வைப்பது தங்குகிறவர்களுக்கு வேண்டிய தண்ணீர், அவர்கள் விட்டுப்போகும் கழிவு, அவர்களுக்காக வெட்டப்படும் சரிவு. ஊட்டிக்குத் தண்ணீர் பார்சன்ஸ்வேலியிலிருந்து வருகிறது. சோலையும் புல்வெளியும் பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்திருந்து கோடையில் விடுகிற தண்ணீர் அது. மே மாதத்தில் ஓட்டல்களுக்கு லாரியில் தண்ணீர் போகும்போது எங்கள் தெருவில் குழாய் என்றைக்குத் திறப்பார்கள் என்று குடத்தோடு காத்திருக்கிறோம். சரிவில் அறைக்கு அறை சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துக் கற்றோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை இனி வராது என்று யாரும் சொல்ல முடியாது.

மலை எவ்வளவு பேரைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி., பெங்களூரு ஐ.ஐ.எம். இரண்டிடமும் தரப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு சாலையின் அகலத்திலிருந்து தொடங்கக்கூடாது, பார்சன்ஸ்வேலி அணையின் மார்ச் மாத நீர்மட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. எத்தனை அறை, எத்தனை படுக்கை, அவற்றில் எத்தனைக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல் ஒன்று ஊட்டிக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் மசினகுடிக்கும் தனித்தனியாகப் பொதுவில் வேண்டும். சீகூரில் 39 என்ற எண்ணிக்கை கையில் வந்த பிறகுதான் நீதிமன்றத்தால் செயல்பட முடிந்தது என்பதை மறக்கக்கூடாது.

பாரம் யார் தலையில்

சீகூர் வழக்கில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சீல் வைத்த பிறகு ரிசார்ட் முதலாளிகளில் பலர் வேறு ஊரில் வேறு தொழிலைப் பார்த்துக்கொண்டார்கள். அறை துடைத்த பெண்கள், சமையலுக்கு நின்றவர்கள், கடன் வாங்கி ஜீப் எடுத்தவர்கள் எங்கும் போகவில்லை. என் சித்தப்பா மகன் ஜீப்புக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தான். ஆறு மாதம் மாட்டை விற்றுக் கட்டினான். "யானைக்காக நம்மள மூடுறாங்கன்னு கோவமில்லண்ணா. முன்னாடியே சொல்லியிருந்தா வண்டியே எடுத்திருக்க மாட்டேன்" என்றான். பதினெட்டு மாதம் கழித்துக் கடன் தீர்த்தான்.

இவர்களின் பிழைப்பைக் கவனிக்க ஒரு கொள்கை ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. 2012-ல் புலிகள் காப்பகங்களில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்து, பின்னர் அக்டோபரில் நீக்கியபோது, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் வந்தன. மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலா கூடாது, அங்கே புதிதாகக் கட்டடம் கூடாது, வெளிவட்டத்தில் உள்ளூர் மக்களுக்கு வருமானம் போகும்படி சுற்றுலாவை நடத்த வேண்டும். முதுமலையின் மையப் பகுதி 321 சதுர கிலோமீட்டர், மசினகுடி அதன் வெளிவட்டம். அந்தக் கடைசி வரியை மட்டும் மசினகுடியில் மனது வைத்துச் செய்திருந்தால், ரிசார்ட் மூடிய அன்றே ஜீப்காரர்களுக்கும் இருளர், குறும்பர் இளைஞர்களுக்கும் வனத்துறைச் சவாரியிலும் வழிகாட்டி வேலையிலும் இடம் தயாராக இருந்திருக்கும். கோடு வரைகிறவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கான வேலையையும் அதே நாளில் வரைய வேண்டும். கடற்கரையில் கட்டுமரக்காரருக்கும் இதைத்தான் சொல்வேன்.

அரை ஏக்கர்

சரி, எங்கள் நிலத்துக்கு வருகிறேன். முதலில் பட்டாவையும் சிட்டாவையும் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேறோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் "வரைபடம் மேலிடத்தில் இருக்கு" என்றார்கள். மூன்றாவது இடத்தில் பொறுமையான ஓர் ஊழியர் அரசாணையோடு வந்த பட்டியலை எடுத்து வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். எங்கள் சர்வே எண் அதில் இருந்தது. ஆனால் முழு எண் அல்ல, உட்பிரிவு. சித்தப்பா காலத்தில் பாகம் பிரித்தபோது நிலம் இரண்டு உட்பிரிவாகியிருக்கிறது. ஓடையை ஒட்டிய கீழ்த்துண்டு வழித்தடத்துக்குள், சாலையோர மேல்துண்டு வெளியே.

பதினைந்து வருடமாக இருக்கிற அரசாணை. உச்ச நீதிமன்றம் உறுதி செய்த எல்லை. அதைச் சொந்த நிலத்தில் கண்டுபிடிக்க எனக்கு, படித்து எழுதுகிற எனக்கு, இரண்டு மாதமும் மூன்று அலுவலகமும் தேவைப்பட்டது. பட்டா கையில் இருக்கிற, படிக்காத ஒரு பெரியவருக்கு அது எப்போதும் தெரியாமலே போகலாம். தெரியாத எல்லையை மீறுவது சுலபம், மீறவைப்பது அதைவிடச் சுலபம். நான் அந்த ஊழியரிடம் இந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டினால் என்ன என்று கேட்டேன். "யாரும் கேட்கல சார்" என்றார். அதனால் மசினகுடி கிராம சபையில் கொடுப்பதற்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பட்டியல் சர்வே எண், உட்பிரிவு வாரியாக வேண்டும், தமிழில் வேண்டும், ஊராட்சிச் சுவரிலும் நியாயவிலைக் கடைச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

அன்று சாயந்திரம் கல்லட்டி இறங்கிப் போய்த் தம்பியிடம் நேரில் சொன்னேன். அவன் ஓடைப்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே புதரை விலக்கிக்கொண்டு போன தடம், பழைய யானைச் சாணம், ஒடித்துப் போட்ட மூங்கில் எல்லாம் இருந்தன. அது அவனுக்கு எப்போதும் தெரிந்ததுதான், பட்டியலில் தேடித் தெரிந்துகொண்டது நான்தான்.

"அப்போ கீழ்த்துண்ட அப்படியே விட்டுர்றேண்ணா. கம்பியும் எடுத்துர்றேன். பட்டிய மேல கொண்டுவந்துக்கறேன்" என்றான். "கோயமுத்தூர்க்காரருக்கு என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன். "பாதிதான் குடுக்க முடியும்னு சொல்லிட்டேன். பாதில எத்தன காட்டேஜ் கட்டலாம்னு கேட்டார். கட்டுறதுக்கில்ல, மாடு கட்டுறதுக்குன்னு சொன்னேன். அப்புறம் அவர் போன் பண்ணலண்ணா."